அத்தியாயம் 7: வேதாளத்தைத் திரைக்கு இறக்குதல்

நள்ளிரவு, சுடுகாடு. அரசனின் ஒரு கையில் உருவிய வாள், தோளில் ஒரு பிணம், பிணத்துக்குள் இருந்து பேசும் வேதாளம். ஓவியர் சங்கர் வரைந்த இந்தப் படம் மாதாமாதம் வந்தது அம்புலிமாமாவில், அதாவது குழந்தைகளுக்கான பத்திரிகையில். வீட்டுப் பெரியவர்களே காசு கொடுத்து வாங்கித் தந்தார்கள். யாரும் புகார் சொல்லவில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருண்ட மாயக்கதைத் தொடர் ஒன்றைச் சிறுவர்களுக்காகப் படமாக்கப் போகிறேன் என்று நீங்கள் கிளம்பினால், "குழந்தைங்க படம்தானே சார், சாவு, சுடுகாடெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் தயாரிப்பாளர் கட்டாயம் எதிர்ப்படுவார். அவரிடம் தத்துவம் பேச வேண்டாம். ‘பாதாள பைரவி’யைச் சொல்லுங்கள். 1947இல் அம்புலிமாமாவைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் 1951இல் அந்தப் படத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் தயாரித்தார்கள். இயக்கம் கே.வி. ரெட்டி, ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி, மந்திரவாதியாக எஸ்.வி. ரங்காராவ். ஒரு வாலிபனைத் தேவிக்கு நரபலி கொடுத்து வரம் பெறத் துடிக்கும் மந்திரவாதியின் கதை அது. பலியாக வந்தவன் மந்திரவாதியையே பலியாக்கிவிடுகிறான். இருட்டு போதுமா? குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள்.

அந்தக் கதைக்கு மூலமாக இருந்தது மதிர சுப்பண்ண தீட்சிதரின் ‘காசி மஜிலி கதைகள்’. காசிக்கு நடந்து போகிறவர்கள் தங்கும் இடந்தோறும் ஒரு கதை. ஒவ்வொரு கதையும் தனி, ஆனால் எல்லாவற்றையும் ஒரு பயணம் கோத்து வைத்திருக்கிறது. விக்கிரமாதித்தன் கதையிலும் இதே கட்டுமானம்தான். நம் தொடர்கதைகளின் பலம் இந்தக் கோப்பில் இருக்கிறது. படமாக்கும்போது முதலில் உதிர்வதும் அதுவே.

விதியை முதலில் எழுதுங்கள்

ஒன்லைன் எழுதுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்கள் கதை உலகத்தின் விதியை எழுதுங்கள். எதைச் செய்யக் கூடாது, செய்தால் என்ன ஆகும் என்பதை மட்டும். மூன்று வரிக்கு மேல் போனால் விதி இன்னும் தெளியவில்லை என்று அர்த்தம்.

வேதாளக் கதையின் விதி இது: அரசன் வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும், விடை தெரிந்தும் வாய் மூடியிருந்தால் அவன் தலை வெடித்துவிடும். பேசினாலும் ஆபத்து, பேசாவிட்டாலும் ஆபத்து. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்ளும். பயம் இங்கிருந்துதான் வருகிறது. வேதாளத்தின் பல்லிலிருந்தும் நகத்திலிருந்தும் வருவதில்லை. கிராஃபிக்ஸுக்குக் கோடி கோடியாகக் கொட்டிவிட்டு விதியைக் குழப்பிய படங்களில் குழந்தைகள் பாப்கார்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தியேட்டரில் நீங்களே கவனித்திருப்பீர்கள்.

1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாக வந்த ‘மை டியர் குட்டிச்சாத்தா’னை நினைத்துப் பாருங்கள். திரையிலிருந்து நீண்டு வந்த பொருள்களைப் பிடிக்கக் கை நீட்டியதுதான் எல்லோருக்கும் ஞாபகம். ஆனால் படம் நின்றது ஓர் எளிய விதியில். அந்தச் சாத்தான் ஒரு மந்திரவாதிக்குக் கட்டுப்பட்டது. குழந்தைகளோடு அது எவ்வளவு கும்மாளம் போட்டாலும் அந்தக் கட்டைப் பற்றிய பயம் விலகவில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் பின்னால் அந்தக் கயிறு தெரிந்துகொண்டே இருந்தது.

விதியால் வந்த விலையை யாராவது கொடுத்தாக வேண்டும். அந்த விலையை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுப் பாடம் ஒன்று. பிலிப் புல்மனின் மூன்று பாக நாவல் தொடரில் முதல் பாகம், நாயகியின் தோழனான சிறுவன் இறப்பதோடு முடிகிறது. 2007இல் வந்த ‘தி கோல்டன் காம்பஸ்’ படம் அந்த முடிவுக்கு முன்பே நிறுத்திக்கொண்டது. மத பீடத்தைப் பற்றிய கூர்மையையும் மழுக்கியது. யார் மனமும் நோகாத படம் கிடைத்தது, அடுத்த பாகம் மட்டும் கடைசிவரை வரவே இல்லை. 2019இல் அதே கதை தொலைக்காட்சித் தொடரானபோது, முதல் பருவத்தை அந்தச் சிறுவனின் சாவில்தான் முடித்தார்கள். மூன்று பருவங்கள் ஓடி, கதை முழுதாகச் சொல்லப்பட்டது. படம் தோற்றதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் பாகத்தில் கொடுக்கப்படாத விலையை இரண்டாம் பாகத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

மாதம் ஒருமுறையும் இரண்டரை மணி நேரமும்

வேதாளம் ஒவ்வொரு இதழிலும் மரத்துக்குத் திரும்பியது யாருக்கும் சலிக்கவில்லை. நடுவில் முப்பது நாள் இருந்ததே! தியேட்டரில் அந்த முப்பது நாள் கிடையாது. நான்காவது முறை வேதாளம் பறந்தால் பின்வரிசையில் சிரிப்பு கேட்கும். ஆகவே மூன்று முறை. முதல் முறை விதியைக் காட்ட, இரண்டாம் முறை அரசன் சாமர்த்தியம் பண்ணித் தோற்க, மூன்றாம் முறை விதியே தலைகீழாக.

புஷ்கர், காயத்ரி இருவரும் 2017இல் ‘விக்ரம் வேதா’வில் செய்தது இதுதான். படம் தொடங்குவதே விக்கிரமாதித்தன், வேதாளம் அனிமேஷனில். பிறகு வேதாளம் தாதாவாகிறது, அரசன் போலீஸ் அதிகாரியாகிறான். பிடிபடும்போதெல்லாம் வேதா ஒரு கதை சொல்லி ஒரு கேள்வி கேட்கிறான். விக்ரம் பதில் சொல்லிவிட்டு அவனைத் தவற விடுகிறான். அது சிறுவர் படமே இல்லை. ஆனாலும் நம் சிறுவர் தொடர் ஒன்றின் எலும்புக்கூட்டை இவ்வளவு சுத்தமாக எடுத்து நிறுத்திய தமிழ்ப் படம் வேறு எனக்குத் தோன்றவில்லை. சம்பவம் ஒன்றுகூட மூலத்தில் இல்லை, விதி மட்டும் அப்படியே இருக்கிறது. திரைக்கதை படிக்கிறவர்கள் இந்தப் படத்தைப் பேனாவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் முடிவு. அம்புலிமாமா வேதாளத்துக்கு முடிவே இல்லை. மூலத்தின் இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பிறகும் புதிது புதிதாக எழுதி ஓட்டினார்கள். பத்திரிகைக்கு அது லாபம். படத்துக்கு முடிவு வேண்டும், அது மூலத்திலேயே காத்திருக்கிறது. சோமதேவர் பதினோராம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித்சாகரத்தில் கடைசிக் கேள்விக்கு அரசனுக்கு விடை தெரியவில்லை. முதன்முறையாக உண்மையிலேயே மௌனமாக நடக்கிறான். அப்போதுதான் வேதாளம், பிணத்தைக் கேட்ட சந்நியாசி உன்னையே பலியிடப் போகிறான் என்று எச்சரிக்கிறது. விழுந்து வணங்கு என்கிறான் சந்நியாசி. எப்படி என்று காட்டுங்கள் என்கிறான் அரசன். சந்நியாசி குனிகிறான், வாள் இறங்குகிறது. இத்தனை நேரம் எதிரியாக இருந்ததுதான் காப்பாற்றுகிறது. இதைவிட நல்ல கிளைமாக்ஸை நீங்கள் அறை போட்டு யோசித்தாலும் பிடிக்க முடியாது.

பாகங்களைச் சுருக்குவதில் ஒரு எச்சரிக்கை. ‘லெமனி ஸ்னிக்கெட்’ தொடரின் பதின்மூன்று நூல்களில் முதல் மூன்றை 2004இல் ஒரே படத்துக்குள் அடைத்தார்கள். நடிப்பும் கலை இயக்கமும் அருமை. ஆனால் அந்தக் கதையில் பிள்ளைகள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் துரத்தப்படும் அலுப்புதான் உயிர், அதற்கு நேரமே இல்லை. பின்னாளில் அதே நூல்கள் 25 பகுதித் தொடராக வந்தபோது அந்த அலுப்புக்கு இடம் கிடைத்தது. மூன்று நூலைச் சேர்ப்பதைவிட ஒரு நூலை முழுதாக எடுப்பது நல்லது.

காதால் பயமுறுத்துங்கள்

சத்யஜித் ரே, தன் தாத்தா உபேந்திரகிஷோர் எழுதிய சிறுவர் கதையை 1969இல் ‘கூபி கைன் பாகா பைன்’ என்று படமாக்கினார். மகன் சந்தீப், குழந்தைகள் பார்க்கிற மாதிரி ஒரு படம் எடுங்கள் என்று கேட்டது தூண்டுதல். அதில் பேய்களின் நடனம் ஒன்று நிமிடக்கணக்கில் நீள்கிறது. அரசர்கள், குடியானவர்கள், வெள்ளைக்காரர்கள், தொந்திக்காரர்கள் என்று நான்கு வகைப் பேய்கள். வசனம் இல்லை. பின்னணியில் மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங். நம் தாளவாத்தியக் கச்சேரியைக் கேட்டவர், வங்காளப் பேய்களுக்கு அதை வாசிக்க வைத்துவிட்டார். மிருதங்கத்துக்குப் பேர்போன தஞ்சாவூர்க்காரர்களாகிய நாம் பேய்ப் படத்துக்கு இன்னும் வெளிநாட்டு வயலின் கீறலைத்தான் கடன் வாங்குகிறோம். போகட்டும்.

ஒலிப்பதிவாளரைப் படப்பிடிப்புக்கு முன்பே ஊருக்கு அழைத்துப் போங்கள். பனை மரத்தில் வெட்டாமல் விட்ட காவோலை காற்றில் தண்டோடு உரசும் சத்தத்தை ராத்திரியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். யாரோ பாயைச் சுருட்டிக்கொண்டு மெல்ல இறங்கி வருகிற மாதிரி இருக்கும். மழை விட்டதும் வயலில் கத்தும் தவளைக் கூட்டம் யாராவது வரப்பில் கால் வைத்த நொடியில் சட்டென்று நின்றுபோகும். அந்த நிசப்தத்தை எந்த ஸ்டுடியோவிலும் செய்ய முடியாது.

பயிற்சி: திருப்பனந்தாள் தாடகை

இனி நாமே இறங்கிச் செய்து பார்ப்போம். கும்பகோணத்திலிருந்து சோழபுரம் வழியாக அணைக்கரை போகும் சாலையில் இருக்கிறது திருப்பனந்தாள். தலமரம் பனை. கோயிலுக்குத் தாடகையீச்சரம் என்று பெயர், சுவாமி செஞ்சடையப்பர். குமரகுருபரர் வழிவந்த காசித் திருமடம் இங்கேதான். ஐந்து வயது வரை பேசாத குழந்தை, பெரியவராகிக் காசிக்குப் போய் சிங்கத்தின் மேல் ஏறி மொகலாய தர்பாருக்கு வந்தார் என்று சொல்லும் குமரகுருபரர் வரலாறே தனிப் படம். நாம் இங்கே தாடகையை எடுத்துக்கொள்வோம்.

கோயில் கதை இது. தாடகை என்ற அசுரப் பெண் பிள்ளை வரம் கேட்டு நாள்தோறும் சிவனுக்கு மாலை சாத்தி வழிபடுகிறாள். ஒருநாள் இரண்டு கையாலும் மாலையை ஏந்திச் சாத்தப் போகும்போது உடுத்திய துணி நழுவுகிறது. முழங்கைகளால் இடுக்கிக்கொள்கிறாள். கையை உயர்த்தினால் துணி போகும், இறக்கினால் பூசை போகும். தவிக்கிறாள். லிங்கம் அவள் பக்கம் தலை சாய்த்து மாலையை வாங்கிக்கொள்கிறது. சாய்ந்த லிங்கம் சாய்ந்தபடியே நின்றுவிட, அரசன் யானை கட்டி இழுத்தும் நிமிரவில்லை. திருக்கடவூரிலிருந்து வந்த குங்கிலியக்கலய நாயனார் கயிற்றின் ஒரு முனையை லிங்கத்திலும் மறுமுனையைத் தம் கழுத்திலும் கட்டி இழுக்கிறார். நிமிர்கிறது. பெரியபுராணம் சொல்லும் வரலாறு அது.

விதியைப் பாருங்கள், எவ்வளவு சுத்தம்! கையை உயர்த்த முடியாது, இறக்கவும் முடியாது. வேதாளக் கதையின் அதே இரட்டைப் பூட்டு. இதில் அரக்கிதான் நாயகி. அவளைக் கொல்ல வில்லோடு யாரும் வரவில்லை. ராமாயணத் தாடகையை மட்டும் தெரிந்த பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்ததும் பயப்படுவார்கள். பயந்த அதே முகத்துக்காகப் பத்து நிமிடத்தில் அவர்கள் பதற வேண்டும். படத்தின் வேலை அவ்வளவுதான்.

துணி நழுவுவதைச் சிறுவர் படத்தில் எப்படிக் காட்டுவது? பெரும்பாலோர் அதை நீக்கிவிட்டு ‘மாலை கனமாகிறது’ என்று மாற்றுவார்கள். விதி செத்துவிடும். நீக்க வேண்டாம், அந்தத் தவிப்பை முதலில் ஒரு குழந்தையின் உடம்பில் ஏற்றுங்கள்:

வெளி. வீட்டுத் திண்ணை – இரவு

கரண்ட் போயிருக்கிறது. அரிக்கேன் விளக்கு. எட்டு வயதுப் பேத்தி இரண்டு கையாலும் பூத்தொடுக்கப் பழகுகிறாள். பக்கத்தில் அப்பாயி.

பேத்தி: அப்பாயி, தாடகைன்னா ராமர் கொன்னாரே, அவளா?

அப்பாயி: அவளோ இவளோ, நம்மூர்த் தாடகை பூக்கட்டுவா. நாரை இறுக்கிப் பிடி, கையெடுத்தியோ எல்லாம் அவுந்துரும்.

பேத்தி: மூக்கு அரிக்குது அப்பாயி.

அப்பாயி: கையெடுக்காம சொறிஞ்சுக்க, பாப்போம்.

பேத்தி தோளில் மூக்கைத் தேய்க்கப் பார்க்கிறாள். எட்டவில்லை. முழங்காலில் முயல்கிறாள். பூச்சரம் ஆடுகிறது. அழுகை முட்டுகிறது. அப்பாயி தன் தலையைச் சாய்த்து, நெற்றியால் அவள் மூக்கை உரசிவிடுகிறாள்.

அப்பாயி: சாமியும் இதத்தான்டி செஞ்சாரு.

இதற்குப் பிறகு தாடகையின் காட்சியில் துணியைக் காட்டவே தேவையில்லை. முழங்கை, நடுங்கும் மாலை, உதிரும் ஒரு பூ. தியேட்டரில் உள்ள பிள்ளைகள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

கழுத்துக் கயிறு இன்னும் கடினம். அதைத் தோளுக்கு மாற்றிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடாது. லிங்கம் நிமிராவிட்டால் தன் உயிர் போகும் என்பதுதான் கலயர் வைத்த பந்தயம். தோளில் கட்டினால் அது வெறும் பாரம் இழுக்கிற வேலை. அதே நேரம் கயிறு இறுகுகிற கழுத்தைக் குளோசப்பில் காட்டவும் கூடாது. குழந்தைகள் வீட்டில் செய்து பார்ப்பார்கள். கேமராவைக் கயிற்றின் நடுவில் வையுங்கள். தொய்ந்த கயிறு விறைக்கிறது, புரிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கின்றன, முகம் இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு கயிறு தொய்கிறது. கல் நிமிர்ந்ததா, மனிதர் விழுந்தாரா என்று ஓரிரு வினாடி சொல்லாமல் வையுங்கள்.

கருவறைக்குள் கேமராவோடு போகலாம் என்று கனவு காண வேண்டாம். செட் போடுங்கள். வெளிப்பிராகாரத்துக்குக்கூடக் கோயில் நிர்வாகத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும். இது ஊர் இன்றைக்கும் கும்பிடுகிற சாமி. பவுண்ட் ஸ்கிரிப்டைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே படித்துக் காட்டுவது மரியாதை, பின்னால் வரும் தலைவலிக்கும் மருந்து.

லொக்கேஷனைப் பற்றி ஒன்று. மாயக்கதை என்றதும் கலை இயக்குநர் காடு தேடிக் கொல்லிமலைக்குக் கிளம்புவார். தடுத்து நிறுத்துங்கள். காட்டில் பயம் வருவது கண்ணுக்கு எதுவும் தெரியாததால். டெல்டாவில் நேர் எதிர்: வயல்வெளியில் எல்லாம் வெகுதூரத்துக்குத் தெரியும். மண்ணியாற்றுக் கரையில் நின்றால், கூப்பிடு தூரத்துக்கு அப்பால் ஒரு வெளிச்சம் அசைந்து வருவதைப் பார்க்கலாம். தண்ணீர் பாய்ச்சப் போகிறவரின் டார்ச்சா, பாட்டிகள் சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசா? அது வரப்பில் வளைந்து வளைந்து நெருங்கி வர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் உங்கள் கையில். வேதாளம் தொங்க முருங்கை மரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். முருங்கைக் கிளை காய் பறிக்க ஏறினாலே முறியும், பிணத்தைத் தாங்குமா? இங்கே ஒற்றைப் பனை போதும்.

ஷெட்யூலைப் பயிரைப் பார்த்துப் போடுங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்தால், தண்ணீர் வந்ததும் குறுவை நடவு. செப்டம்பர், அக்டோபரில் அறுப்பும் சம்பா நடவும் ஒன்றையொன்று துரத்தும். பிறகு வடகிழக்குப் பருவமழை, ஜெனரேட்டர் வண்டி சேற்றில் சிக்கும். நட்டு முடித்த வயல் நிலவைக் கண்ணாடிபோல் காட்டும். ஒரே மாதத்தில் பச்சை மூடிவிடும். கன்டினியூட்டி பார்க்கிற உதவி இயக்குநர் இதைக் குறிக்காவிட்டால் ஒரே இரவில் நடக்கும் காட்சியில் பயிர் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும்.

கையெழுத்துகள்

உரிமை: சோமதேவர் கதை பொதுச்சொத்து. அம்புலிமாமாவுக்காகப் புதிதாக எழுதிய வேதாளக் கதைகளும் சங்கரின் ஓவியமும் அப்படியல்ல. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. வேலையில் இருந்தபடி எழுதியது, வரைந்தது என்றால் நிறுவனத்துக்கு உரிமை போயிருக்கலாம். வழக்கறிஞரிடம் கேட்காமல் போஸ்டர்கூட அடிக்காதீர்கள்.

குழந்தை நடிகர்கள்: படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியர் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ச்சியாக 3 மணி நேரம்தான். தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கால்ஷீட் கிடையாது. சம்பளத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். சட்டத்துக்கு மேலே என் பங்குக்கு ஒன்று: இரவுக் காட்சிகளைப் பொழுது சாய்ந்த வேளையில் எடுங்கள், வேதாளத்துக்கு மேக்கப் போடுவதை அந்தக் குழந்தை முழுதாகப் பார்க்கட்டும்.

சென்சார்: 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இந்த வகைப் படத்துக்கு 7+ குறி வைத்து எழுதுங்கள். யு வாங்கியே தீருவேன் என்று கடைசி நேரத்தில் வெட்டத் தொடங்கினால் கயிற்றுக் காட்சிதான் முதலில் போகும்.

இத்தனையும் ஆன பிறகு, முதல் நாள் படப்பிடிப்புக்கு முன் ஒரு வேலை பாக்கி. ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேரை உட்கார வைத்துத் திரைக்கதையைக் கதையாகச் சொல்லுங்கள். படம் எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டாம். மறுநாள் அவர்களில் யாரையாவது பிடித்து, அங்கே இல்லாத இன்னொரு பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி ஓரமாக நின்று கேளுங்கள். சம்பவங்கள் முன்பின்னாக வரும், பெயர்கள் மாறும், கவலையில்லை. விதி மாறியிருந்தால் ஷெட்யூலை ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு முதல் இருபது பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள்.